படகில் குடியிருந்தால் விலாசம் கிடையாதா?

இன்றோடு நான்காவது தடவை. மதுரையில் அந்த வங்கிக் கிளையில் டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, கொண்டுபோன கவரை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். வயிறு எரிகிறது.

நானும் என் வீட்டுக்காரரும் பாய்மரப் படகில் குடியிருக்கிறோம். சுற்றுலா இல்லை, குடித்தனம். திருநகரில் இருந்த வீட்டை விற்றுத்தான் அந்தப் பழைய 36 அடிப் படகை வாங்கினோம். படகு சாய்ந்தாலும் குழம்பு கொட்டாமல் கூடவே ஆடும் அடுப்பு, முந்நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி, சூரியத் தகட்டில் ஓடும் விளக்கு, இரண்டு பேர் படுக்க இடம். கடலில் ஓடும்போது இரவெல்லாம் மூன்று மணி நேரத்துக்கு ஒருத்தர் மாறி மாறிக் காவல் இருப்போம். ஒரு குடம் தண்ணீரை எத்தனை வேலைக்குப் பயன்படுத்தலாம் என்று மதுரையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த காலத்தைவிட அதிகமாக அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

வங்கியில் கேஒய்சி, அதாவது அடையாள, முகவரி விவரத்தைப் புதுப்பிக்கச் சொல்லிக் கணக்கை முடக்கிவிட்டார்கள். சரி. ஆதாரில் இருப்பதோ விற்ற வீட்டு விலாசம். "இப்ப எங்க மேடம் இருக்கீங்க?" என்றார்கள். உள்ளதைச் சொன்னேன். "அதெல்லாம் அட்ரஸ் ஆகாது மேடம். யாராவது தெரிஞ்சவங்க வீட்டுக்கு ஒரு வாடகை ஒப்பந்தம் போட்டுக் கொண்டாந்துருங்க, முடிச்சுரலாம்." அதாவது, குடியிருக்காத வீட்டில் குடியிருப்பதாகப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்கள்!

நான் படகு எண்ணை விலாசமாக எழுதிக்கொள் என்று அடம்பிடிக்கவில்லை. தபால் என் அம்மா வீட்டுக்கு வரும், அந்த விலாசத்தை நானே எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிறேன் என்றேன். ரிசர்வ் வங்கி விதியே அதற்கு இடம் கொடுக்கிறது. முகவரி மட்டும் மாறியிருந்தால் வாடிக்கையாளரின் சுய உறுதிமொழியை மின்னஞ்சலிலோ செயலியிலோகூட வாங்கிக்கொண்டு, இரண்டு மாதத்துக்குள் சரிபார்த்துக்கொள்ளலாம். அதை அச்செடுத்து மேசையில் வைத்தேன். படிக்கவே இல்லை. "சிஸ்டத்துல அந்த ஆப்ஷன் வரலை மேடம்." இதற்காகவா படகு நிற்கும் மலேசியாவின் லங்காவித் தீவிலிருந்து விமானத்துக்குக் காசைக் கொட்டி வந்தேன்?

எங்கள் படகில் ஈபெர்ப் என்று ஒரு அபாயக் கருவி இருக்கிறது. படகு மூழ்கினால் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் சைகை போகும், மீட்பு மையத்தில் எங்கள் படகின் அடையாளம் தெரியும். அதைப் பதிவு செய்யும்போது ஆபத்தில் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டார்கள். அம்மாவின் மதுரை நம்பரைத்தான் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள். நடுக்கடலில் நாங்கள் தத்தளித்தால் மதுரையில் என் அம்மாவின் போன் அடிக்கும். அதே அம்மா வீட்டைத்தான் இந்தக் கிளை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

அப்புறம் இந்த ஓடிபி. கணக்கை முடக்குவதற்கு முன்னாலேயே இதனால் பட்டது போதும். நங்கூரம் போட்ட இடத்தில் இணையம் இருக்கும், நம்ம ஊர் சிம்முக்கு டவர் இருக்காது. அல்லது 28 நாள் ரீசார்ஜ் முடிந்திருக்கும். இன்ஜினைக் குளிர வைக்கிற கடல்நீர் பம்பின் இம்பெல்லர் ஒரு நாள் பிய்ந்துபோனது. உள்ளங்கையில் அடங்குகிற ரப்பர்ச் சக்கரம். ஆர்டர் போட உட்கார்ந்தால் பணம் போகவில்லை, ஓடிபி வரவில்லை. காலையில் ரேடியோவில் படகுகள் எல்லாம் பேசிக்கொள்கிற நேரத்தில் சொன்னோம். கால் மணி நேரத்தில் ஒரு பெரியவர் டிங்கி என்கிற சின்ன ரப்பர் படகில் வந்து தன்னிடம் இருந்த உபரியைக் கையில் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அங்கே ஒருத்தருக்கொருத்தர் பாதிப் பேர் பெயர்கூடத் தெரியாது, படகின் பெயரை வைத்துத்தான் கூப்பிட்டுக்கொள்வோம். அந்த மனுஷருக்கு எங்கள் படகின் பெயர் போதுமானதாக இருந்தது. இருபது வருஷமாகக் கணக்கு வைத்திருக்கும் இடத்தில் நான் யார் என்று நிரூபிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தால் சிம்மக்கல் அத்தை. "வீடு வாசல் இல்லாம எத்தனை நாளைக்குடி அங்கிட்டும் இங்கிட்டும் அலைவீங்க?" அத்தையிடம் கோபப்பட மனசு வரவில்லை. பாசத்தில் கேட்கிறாள். ஆனால் அந்தக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு என் மேல் என்ன பாசம்? விதியைப் படித்து வேலையைச் செய்தால் போதும்.

தை பிறந்து பாதி போய்விட்டது. இந்த வாடைக் காற்று இருக்கும்போதே கிளம்பினால்தான் திருகோணமலைக்குப் பாய் விரித்து வர முடியும். பங்குனி தாண்டிவிட்டால் காற்று திரும்பிவிடும், அப்புறம் அடுத்த வருஷம்தான். என் வீட்டுக்காரர் லங்காவியில் தனியாகப் படகைப் பார்த்துக்கொண்டு, படகு கட்டிவைக்கும் துறையான மெரினாவுக்கு நாள் வாடகை கட்டிக்கொண்டு இருக்கிறார். கட்ட வேண்டிய பணமோ முடக்கிய கணக்கில் கிடக்கிறது. நேற்று ராத்திரி போனில், "பாய் எல்லாம் தைச்சு முடிச்சுட்டேன், நீ எப்ப வர்ற?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை மேனேஜர் வருவாராம். மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.