பிளாக்லிஸ்ட் ஆனவருக்கு எந்த கிரெடிட் கார்டு கிடைக்கும்?

"நான் பிளாக்லிஸ்ட்ல இருக்கேன், டெபாசிட் கேக்காம எந்த பேங்க் கார்டு கொடுக்கும்?" பிரிக்பீல்ட்ஸ் முதல் பட்டர்வொர்த் வரை, மலேசியாவில் நம்மவர்களின் குழுக்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. கீழே வரும் பதில்களில் பாதி ஏஜெண்டுகளின் வாட்ஸ்அப் நம்பர். அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. அதனால்தான் இந்த நீளமான பதிவு.

மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவிடம் கருப்புப் பட்டியல் என்று எதுவும் இல்லை. இருப்பது சிக்ரிஸ் (CCRIS) என்ற கடன் பதிவேடு. நீங்கள் எந்தக் கடனை எப்படிக் கட்டினீர்கள் என்பதை அது அப்படியே காட்டும், அவ்வளவுதான். கொடுப்பதும் மறுப்பதும் அந்தந்த பேங்கின் முடிவு. கடன் பெயர் கெட்டவர்களுக்கென்றே தனி கார்டு விற்பது அமெரிக்கச் சந்தையின் வழக்கம். அங்குள்ள வீடியோவைப் பார்த்துவிட்டு அதை இங்கே தேடினால் கிடைக்காது. இங்கே ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 வெள்ளி (ரிங்கிட்) வேண்டும். 36,000க்கு மேல் போகாதவர் இரண்டு பேங்குகளின் கார்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது; ஒவ்வொரு பேங்கும் தரும் லிமிட் அவருடைய இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது.

ஆகவே எந்த கார்டு என்று பார்ப்பதற்கு முன்னால் உங்கள் சிக்ரிஸ் அறிக்கையை எடுங்கள். இசிக்ரிஸ் இணையத்தளத்தில் இலவசம். ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரி, அதன் வலப்பக்கம் 12 சின்னக் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு மாதம், அண்மைய மாதம் இடது ஓரத்தில். 0 என்றால் பாக்கி இல்லை. 1 என்றால் ஒரு மாதப் பாக்கி, 2 என்றால் இரண்டு. பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். காடிக் (கார்) கடனில் மூன்று மாதம் விட்டுவிட்டு, அப்புறம் மாதாமாதம் ஒரு தவணை மட்டும் கட்டிக்கொண்டு வருவார். "நான்தான் ஒழுங்கா கட்டுறேனே" என்பார். அறிக்கையைப் பார்த்தால் 3 3 3 3 3 என்று வரிசையாக நிற்கும். பழைய பாக்கி அசையவே இல்லை, அதனால் எண்ணும் இறங்கவில்லை. அந்த மூன்று தவணையையும் சேர்த்துக் கட்டினால்தான் அடுத்த கட்டத்தில் 0 விழும். அதன் பிறகு மாதத்துக்கு ஒரு பழைய 3 வலப்பக்கமாக வெளியேறும். 12 மாதம் தவறாமல் கட்டினால் அந்த வரி முழுக்க 0.

காசு கொடுத்து இந்த 12 மாதத்தைக் குறைக்க யாராலும் முடியாது. "சிக்ரிஸ் கிளியர் பண்ணித் தர்றோம், 800 வெள்ளி" என்பவன் உங்களை ஏமாற்றுகிறான். அறிக்கையில் நிஜமாகவே தப்பு இருந்தால், அந்தத் தகவலை அனுப்பிய பேங்குக்கே போய்த் திருத்தக் கேளுங்கள். அதற்குக் காசு தேவையில்லை.

சிடோஸ் (CTOS) வேறு. அது கடன் தகவல் திரட்டித் தரும் தனியார் நிறுவனம். மதிப்பெண் 300 முதல் 850 வரை. சிக்ரிஸில் வராத டெலிபோன் பில் பாக்கி, கோர்ட் வழக்கு போன்றவை இதில் தெரியலாம். பழைய பில்லைக் கட்டி முடித்தவுடன் கடன் தீர்ந்ததற்கான கடிதத்தை எழுத்தில் வாங்கி சிடோஸுக்கு அனுப்புங்கள். அந்தக் கடிதம் இல்லாமல் அலைபவர்கள் நிறைய.

சரி, கட்டங்கள் ஓரளவு சுத்தமாகிவிட்டன, கார்டு வேண்டும் என்கிறீர்கள். என்னத்தை ஒப்பிடுவது? கேஷ்பேக்கையும் விமான மைல்களையும் மறந்துவிடுங்கள். பாக்கி வைப்பவருக்கு அவை ஒரு பொருட்டே இல்லை. வட்டி எந்த பேங்கிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: 12 மாதமும் நேரத்துக்குக் கட்டினால் ஆண்டுக்கு 15 சதவீதம், 10 மாதமாவது கட்டினால் 17, அதற்கும் கீழே 18. இஸ்லாமிய கார்டிலும் ஏறக்குறைய இதே அளவுதான், முஸ்லிம் அல்லாதவர்களும் எடுக்கலாம். உண்மையில் மாறுவது ஆண்டுக் கட்டணம். "ஆயுள் முழுக்க இலவசம்" என்றிருப்பதையே எடுங்கள். அதிலும் கார்டுக்கு 25 வெள்ளி சேவை வரி ஆண்டுதோறும் உண்டு. துணை கார்டுக்கும் தனியாக 25. லிமிட் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஒரே வாரத்தில் ஐந்து பேங்குக்கு விண்ணப்பம் போடாதீர்கள், நிலுவையில் உள்ள விண்ணப்பங்களும் சிக்ரிஸில் தெரியும். கிராப் ஓட்டுபவர்கள் சம்பள ஸ்லிப்புக்குப் பதில் ஆறு மாத பேங்க் ஸ்டேட்மெண்டும் வருமான வரிப் படிவமும் வைத்துக்கொள்ளுங்கள்.

மிகப் பெரிய குழி மினிமம் பேமெண்ட். 4,000 வெள்ளி பாக்கி, 18 சதவீதம். முதல் மாத வட்டியே 60 வெள்ளி. மினிமம் 5 சதவீதம், சுமார் 200. பாக்கி குறையக் குறைய மினிமமும் குறையும், நீங்களும் குறைத்துக் கட்டுவீர்கள். கார்டை மறுபடி தேய்க்காவிட்டாலும் பாக்கி 1,000க்கு இறங்கவே 38 மாதம். மினிமம் 50 வெள்ளிக்குக் கீழே இறங்காது, அதனால் அங்கிருந்து மாதம் 50 வெள்ளியாக இன்னும் 24 மாதம். ஆக ஐந்து ஆண்டுக்கு மேல், வட்டி மட்டும் ஏறக்குறைய 1,450 வெள்ளி. அதே 200 வெள்ளியைக் குறைக்காமல் கட்டினால் 24 மாதத்தில் கதை முடிந்தது, வட்டி 800க்குள். ஆகவே ஸ்டேட்மெண்டில் உள்ள மினிமத்தைப் பார்த்துக் கட்டாதீர்கள். முதல் மாதத் தொகையையே நிரந்தரக் கட்டளையாக பேங்கில் போட்டுவிடுங்கள். இன்னொன்று: வட்டியில்லாத 20 நாள் சலுகை முழுப் பாக்கியையும் கட்டுபவருக்கு மட்டும். பாக்கி வைத்தவர் நேற்று வாங்கிய சாமானுக்கும் வட்டி ஓடத் தொடங்கிவிடும். ஏடிஎம்மில் கார்டு போட்டுக் காசு எடுத்தால் எடுத்த அன்றிலிருந்தே வட்டி, கட்டணம் வேறு.

கட்டங்களில் இன்னும் 2, 3 நிற்பவர்களுக்கு என் கருத்து இது: டெபாசிட் இல்லாத கார்டைத் தேடவே வேண்டாம். நிரந்தர வைப்புத்தொகையை ஈடாக வைத்து கார்டு தரும் பேங்குகள் இருக்கின்றன. வைப்புப் பணம் முடக்கப்பட்டாலும் அதற்கான வட்டி வந்துகொண்டிருக்கும். கட்டத் தவறினால் பேங்க் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். இந்த கார்டும் சிக்ரிஸில் பதிவாகும், அதனால் நீங்கள் ஒழுங்காகக் கட்டுவது 0 0 0 என்று கண்ணுக்குத் தெரியும். மாதம் பெட்ரோலுக்கு மட்டும் தேய்த்து முழுசாகக் கட்டினால் போதும்.

கடன் கொடுக்கும் முன் "பிராசஸிங்", "இன்சூரன்ஸ்" என்று முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். லைசென்ஸ் உள்ள வட்டிக்கடைக்கும் ஈடில்லாக் கடனுக்கு ஆண்டு 18 சதவீதமே உச்சம்; மாதம் 10 சதவீதம் என்று கேட்பவன் ஆலோங், அதாவது லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரன். ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். பணம் போய்விட்டால் உடனே மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழையுங்கள்.

கட்டவே முடியாத நிலையில் இருப்பவர்கள் கடன் ஆலோசனை தரும் ஏ.கே.பி.கே. (AKPK) அமைப்புக்குப் போங்கள். ஆலோசனை இலவசம், கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கிளை உண்டு. தவணையைச் சுருக்கி பேங்குகளோடு அவர்களே பேசுவார்கள். அவர்கள் போட்டுத் தரும் கடன் திட்டம் முடியும்வரை புதுக் கடன் கிடைக்காது. போகும்போது அடையாள கார்டு, மூன்று மாத சம்பள ஸ்லிப், எல்லாக் கடன்களின் கடைசி ஸ்டேட்மெண்ட், மாதச் செலவுக் கணக்கு கொண்டு போங்கள். ஆலோங்கிடம் வாங்கியது இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் போடும் தவணை உங்களுக்கு ஒத்துவராது.