செம்பட்டை முடியும் வேலூர் வெயிலும்

என் முடி செம்பட்டை. சாயம் பூசியதில்லை, எண்ணெய் வைக்காமல் காய்ந்துபோனதும் இல்லை, பிறந்ததிலிருந்தே இப்படித்தான். புருவமும் அதே நிறம், தோல் வெளிறிய ரோஸ். அல்பினிசம், அதாவது பிறவியிலேயே உடம்பில் நிறமி இல்லாதது அல்லது ரொம்பக் குறைவாக இருப்பது. குடியாத்தத்தில் பஸ் ஏறினால் இன்றைக்கும் யாராவது "ஏம்மா, ஃபாரினா நீ?" என்று கேட்டுவிடுவார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கோபம் வருவது மெடிக்கல் ஷாப்பில்தான். சன்ஸ்கிரீன் கேட்டால் ஃபேர்னஸ் கிரீம் அடுக்கியிருக்கும் அலமாரியைக் காட்டி, "அதுல எது வேணும் பாருங்க" என்கிறார்கள். அரசாங்கமும் அதை அழகுசாதனம் என்றுதான் வகைப்படுத்தி வரி போடுகிறது. எனக்கு அது மருந்து. சுகர் இருப்பவருக்கு மாத்திரை எப்படியோ அப்படித்தான் எனக்கு இந்த டியூப். இந்தப் பதிவு முழுக்க இதைப் பற்றித்தான், நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோலுக்கும் முடிக்கும் நிறம் தருவது மெலனின். அதில் கறுப்பு, பழுப்பு நிறத்தில் ஒரு வகை, அது வெயிலில் வரும் புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு உள்ளே போகாமல் தடுக்கும். சிவப்பும் மஞ்சளுமாக இன்னொரு வகை, அது அவ்வளவாகத் தடுக்காது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து பக்கம் சிவப்பு முடியோடு பிறக்கிறவர்களுக்கு இந்த இரண்டாவது வகைதான் அதிகம். எம்சி1ஆர் என்ற மரபணுவில் இருக்கும் மாற்றம்தான் காரணம் என்று 1995-இல் கண்டுபிடித்தார்கள். உலகத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர்தான் அப்படி. 2016-இல் வந்த ஆய்வு ஒன்று என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. அந்த மரபணு மாற்றம் அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தாலும், அதாவது முடி சிவப்பாகவே இல்லாவிட்டாலும், அவர்களுக்கு வந்த மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க் கட்டிகளில் மரபணுப் பிழைகள் மற்றவர்களைவிட 42 சதவீதம் அதிகம், 21 வயது கூடினால் எவ்வளவு சேருமோ அவ்வளவு.

அவர்களுக்காவது மெலனின் இருக்கிறது, வகைதான் வேறு. எங்களுக்கு அது உருவாவதே இல்லை, அல்லது பேருக்குக் கொஞ்சம். ஒன்று யோசித்துப் பாருங்கள், சிவப்பு முடிக்காரர்கள் அதிகம் இருக்கும் ஸ்காட்லாந்தில் நல்ல கோடையிலேயே யூவி இன்டெக்ஸ், அதாவது புற ஊதாக் கதிரின் கடுமையைச் சொல்லும் எண், 6 பக்கம்தான் நிற்கும். 11 வந்தாலே உலக சுகாதார நிறுவனக் கணக்கில் அது உச்சக்கட்ட ஆபத்து, நம் பக்கம் ஏப்ரல், மே நடுப்பகலில் அதையும் தாண்டும். வேலூர் ஏறக்குறைய 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நடுப்பகலில் சூரியன் நேரே தலைக்கு மேல் வந்து நிற்கும், நிழல் காலடியிலேயே விழும். மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று ஊரைச் சொல்வார்கள், ஒதுங்க நிழல் கிடைப்பதே கஷ்டம்.

இன்னொன்றும் இங்கே பலருக்குத் தெரியவில்லை. சூடு வேறு, புற ஊதாக் கதிர் வேறு. "இன்னைக்கு வெயிலே இல்லையே, மோடம் போட்டிருக்கே" என்பார்கள். மெல்லிய மேகத்தை அந்தக் கதிர் சுலபமாகத் தாண்டும். மார்கழியில் காலையில் ஸ்வெட்டர் போடும் நாளிலும் மதியம் எங்கள் தோல் எரியும். கத்திரி வெயில் முடிந்துவிட்டது என்பதால் எங்களுக்கு எதுவும் முடிந்துவிடுவதில்லை. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் அந்த நேரம் வெளியே நிற்கக் கூடாது, இதுதான் சுலபமான அளவு, போனில் எந்த ஆப்பும் வேண்டாம்.

சரி, என் பெரியப்பா மகனைப் பற்றிச் சொல்கிறேன். அண்ணனுக்கும் அல்பினிசம்தான். எங்கள் வீட்டில் அப்பாவும் பெரியப்பாவும் சொந்தத்தில் கட்டியவர்கள். அப்பா, அம்மா இருவரிடமும் இந்த மரபணு மறைந்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. இருவரிடமிருந்தும் வந்தால்தான் இது வரும். ஆனால் ஊரில் பேச்சு வாங்கியது பெரியம்மாவும் எங்கம்மாவும் மட்டும்தான், கிரகணத்தில் வெளியே போனாள், அதைத் தின்றாள் இதைத் தின்றாள் என்று. அது எவ்வளவு பெரிய அநியாயம்!

அல்பினிசம் இருந்தால் பார்வையும் குறைவாக இருக்கும். அண்ணனுக்கும் கண் பார்வை சரியில்லை, கரும்பலகை தெரியாது, எட்டாவதோடு நின்றுவிட்டார். பார்வை இல்லாதவனுக்கு என்ன வேலை கொடுப்பார்கள்? கழனி வேலைதான். மல்லாட்டை பிடுங்குவது, கரும்பு வெட்டுவது, அப்புறம் கொஞ்ச காலம் செங்கல் சூளை. எந்த மனிதர் வெயிலில் நிற்கவே கூடாதோ அவரை நாள் முழுக்க வெயிலில் நிறுத்தும் வேலை. காது மடலில் சொரசொரப்பாக ஒரு திட்டு வந்தது. உரிந்தது, திரும்ப வந்தது. புண்ணாச்சு. ஆயா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டாள். ஊர் மருந்துக்கடையில் ஏதோ களிம்பு கொடுத்தார்கள். ஆறாத புண் என்றால் வெட்டிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அத்தனை மாதமும் யாரும் சொல்லவில்லை. கழுத்தில் நெறி கட்டிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம், அதற்குள் பரவிவிட்டது. அல்பினிசம் உள்ளவர்களுக்கு அதிகம் வருவது மெலனோமா இல்லை, ஸ்குவாமஸ் செல் என்ற இன்னொரு வகைத் தோல் புற்றுநோய். ஆரம்பத்தில் பார்த்தால் சின்ன அறுவை சிகிச்சையில் முடிகிற விஷயம். அண்ணன் நாற்பதைப் பார்க்கவில்லை.

அதனால் இப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் காது, மூக்கு, கீழுதடு, பின்கழுத்து, புறங்கை இந்த இடங்களை மாதாமாதம் வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். அவர்களுக்கே பார்வை குறைவு, கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அதிலும் காதுக்குப் பின்னால் என்ன தெரியும்? உரிந்து உரிந்து வரும் திட்டு, ஒரு மாதமாகியும் ஆறாத புண், தொட்டால் ரத்தம் கசியும் பரு, இதெல்லாம் இருந்தால் கைவைத்தியம் வேண்டாம், நேராகத் தோல் டாக்டரிடம் போங்கள்.

நான் செய்வது இதுதான். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போடுவார்களே, முழுக்கை, காலர் வைத்தது, அதைவிட நல்ல பாதுகாப்பு எந்தக் கடையிலும் இல்லை. நெருக்கமாக நெய்த துணியாக இருக்க வேண்டும், வெள்ளையைவிட அடர்ந்த நிறம் நல்லது, நனைந்தால் கதிர் உள்ளே போகும். அகலமான தொப்பி, குடை. பஸ்ஸில் வேலூர் போகும்போது கிழக்கே போகிறது, வருஷத்தில் பெரும்பாலும் வெயில் வலப்பக்கம், ஆகவே இடப்பக்க சீட். சாயங்காலம் திரும்பும்போது வலப்பக்கம் உட்கார வேண்டும், அது ஆம்பளைகள் வரிசை, கண்டக்டருக்கு ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது. விளக்கினால் பெரும்பாலானவர்கள் இடம் கொடுத்துவிடுகிறார்கள்.

பள்ளிக்கூடம் அப்படி இல்லை. நான் படித்த பள்ளியில் பிரேயரில் தொப்பி போடக் கூடாது, யூனிஃபார்மில் அது இல்லை என்பார்கள், மைதானத்தில் நின்று முகம் கொப்பளித்து வீட்டுக்கு வந்திருக்கிறேன். மெலனோமா உலகிலேயே அதிகமுள்ள நாடுகளில் ஆஸ்திரேலியாவும் ஒன்று, வெளுத்த தோல்காரர்கள் கடும் வெயில் நாட்டில் போய்க் குடியேறியதன் விளைவு அது. அங்கே 1981-லேயே சட்டை போடு, கிரீம் பூசு, தொப்பி வை என்று பிரசாரம் தொடங்கினார்கள். பல பள்ளிகளில் தொப்பி இல்லாத பிள்ளையை விளையாட விட மாட்டார்கள். இங்கே தொப்பி வைத்த பிள்ளையைக் கழற்றச் சொல்கிறோம். ஒரு சுற்றறிக்கை போதும் இதை மாற்ற, ஒரு ரூபாய் செலவில்லை.

செலவு வரும் இடம் சன்ஸ்கிரீன். எவ்வளவு தடுக்கும் என்று டியூபில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். எண் 30-க்குக் குறையாமல், முகம், காது, கழுத்து, கைக்குத் தாராளமாக, இரண்டு மணிநேரத்துக்கு ஒரு தரம். ஒழுங்காகப் பூசினால் 50 கிராம் டியூப் ஒரு வாரம் தாண்டுவது கஷ்டம், விலை நூற்றுக்கணக்கில். பீடி சுற்றும் வீட்டில் இதை யார் வாங்குவார்கள்? தான்சானியாவில் மோஷி என்ற ஊர் ஆஸ்பத்திரியோடு சேர்ந்து கிலிசன் என்று ஒரு சன்ஸ்கிரீனை அங்கேயே தயாரித்து, அல்பினிசம் உள்ளவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள். தான்சானியா பணக்கார நாடு இல்லை.

நம்மிடம் 1994-இல் ஆரம்பித்த மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது, மாநிலம் முழுக்க மருந்தை மொத்தமாக, மலிவாக வாங்குகிறார்கள். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது, பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் வீட்டுக்கே வருகிறது. அதே பையில் ஒரு டியூப் வைக்க முடியாதா? ஒரு ஒன்றியத்தில் நாங்கள் சிலபேர்தான் இருப்போம். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகை இருக்கிறது, அல்பினிசம் என்ற பெயர் அதில் இல்லை, பார்வைக் குறைபாட்டில்தான் எங்களுக்குச் சான்று. கண்ணுக்குச் சான்று கிடைக்கிறது, தோலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, உயிரை எடுப்பது தோல்தான்.

ஜூன் 13 உலக அல்பினிசம் விழிப்புணர்வு நாள், ஐ.நா. அறிவித்தது. அதற்கு முன்னால் வரும் ஒரு திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கப் போகிறேன். கேட்பது மூன்று: சன்ஸ்கிரீன் இலவசம், ஆறு மாதத்துக்கு ஒரு தரம் தோல் பரிசோதனை, பள்ளியில் தொப்பிக்கும் முழுக்கைக்கும் அனுமதி. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை, எங்கே இருந்தாலும் உங்கள் வீட்டில் அல்பினிசம் உள்ளவர் இருந்தால் இன்பாக்ஸில் ஊரும் வயதும் மட்டும் எழுதுங்கள், பெயர் வேண்டாம். எண்ணிக்கையோடு போனால்தான் மனுவைப் படிப்பார்கள்.