வாத்து ஈரலுக்கு பிரெஞ்சுக் குடியுரிமையா?
வாத்துக்கோ கூஸ் வாத்துக்கோ தீவனத்தைத் திணித்து ஊட்டிக் கொழுக்க வைத்து எடுக்கும் ஈரல்தான் ஃபுவா கிரா. அது முழுக்க முழுக்க பிரெஞ்சு மண்ணில் பிறந்த மரபு என்று இந்தக் கட்டுரை சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. அதைத் தன் பண்பாட்டுச் சொத்து என்று பிரான்ஸ் சட்டத்தில் எழுதிக்கொண்டது 2006-இல்தான். அதற்குள் பல நாடுகள் அப்படித் திணித்து ஊட்டுவதற்குத் தடை போடத் தொடங்கிவிட்டன. சரி, அந்த வாத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அங்கே பெரும்பாலும் வளர்ப்பது மூலார் என்ற கலப்பினம். தகப்பன் தென் அமெரிக்கப் பூர்வீக மஸ்கோவி, தாய் சீன வழி வந்த பெக்கின். கடைசி இரண்டு வாரம் போலத் தொண்டைக்குள் குழாயை விட்டு இறக்கும் மக்காச்சோளமும் கொலம்பஸுக்குப் பிறகு ஐரோப்பாவுக்கு வந்த பயிர்தான். திணித்து ஊட்டும் வழக்கமோ எகிப்தின் பழங்காலச் சக்காரா கல்லறைச் சுவர்களிலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. பிரான்ஸின் கிழக்கே உள்ள அல்சாஸ் பகுதியில் இது வேரூன்றியதில், பன்றிக் கொழுப்பைத் தொடாமல், கொழுக்க வைத்த கூஸ் வாத்தின் கொழுப்பில் சமைத்த யூதக் குடும்பங்களுக்குப் பெரிய பங்குண்டு. கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை! மேலே பின்னூட்டத்தில் ஒருவர், ‘அவர்கள் பாரம்பரியம், நமக்கென்ன?’ என்று கேட்டிருக்கிறார். ஹங்கேரிக்காரர்களும் கொழுக்க வைத்த கூஸ் வாத்துப் பண்டங்களைத் தங்கள் தேசியப் பெருமைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்களே, அப்போது யாருடைய பாரம்பரியம் என்பது? அப்புறம் இன்னொன்று, ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி வாத்து ஈரல் 300 கிராமாவது இருந்தால்தான் ஃபுவா கிரா. சாதாரண வாத்தின் ஈரல் 100 கிராம்கூடத் தேறாது. பிரெஞ்சுச் சட்டமோ திணித்து ஊட்டிக் கொழுக்க வைத்த ஈரல் என்றே வரையறுக்கிறது. ஆக, திணிக்காமல் வளர்க்க நினைக்கும் பண்ணைக்காரர் அந்தப் பெயரையே அங்கே போட்டுக்கொள்ள முடியாது.