மருத்துவப் பதிவுகளை ஆய்வுடன் இணைத்தால் பெயர் வெளியாகிறதா? பரவும் கூற்றும் உண்மையும்

1991 ஏப்ரலுக்கும் 1992 டிசம்பருக்கும் இடையே பிரசவம் எதிர்பார்க்கப்பட்ட 14,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சேர்த்து, அவர்களையும் பிள்ளைகளையும் இன்றுவரை பின்தொடரும் பிரிட்டனின் பிரிஸ்டல் நகர உடல்நல ஆய்வு போன்றவற்றுடன் மருத்துவமனைச் சுவாசநோய்ப் பதிவுகளை இணைத்தால், பெயர், முகவரியோடு முழு மருத்துவக் கோப்பும் ஆய்வாளர்களிடம் போய்விடும் என்றொரு செய்தி பரவுகிறது. இது தவறு.

முறையாகச் செய்யப்படும் இணைப்பில், பெயர், பிறந்த தேதி, சுகாதார எண் ஆகியவை ஆளைப் பொருத்திப் பார்ப்பவர்களிடம் மட்டுமே செல்கின்றன. அவர்கள் நோய் விவரங்களைப் பார்ப்பதில்லை. பகுப்பாய்வு செய்பவருக்கோ, பெயருக்குப் பதிலாக ஒரு குறியீட்டு எண்ணும், அனுமதிக்கப்பட்ட சில விவரங்களும் மட்டுமே கிடைக்கின்றன. ஆயினும், அரிய நோயும் மருத்துவமனையில் சேர்ந்த தேதியும் ஒன்றுசேர்ந்தால் ஒருவரை ஊகிக்க வாய்ப்புண்டு என்பதை மறுப்பது நேர்மையாகாது. பாதுகாக்கப்பட்ட கணினிச் சூழலில் மட்டும் பகுப்பாய்வை அனுமதிப்பதும், முடிவுகளில் மிகச் சிறிய எண்ணிக்கைகளை மறைப்பதும் அந்த வாய்ப்பைக் குறைக்கத்தான்.

மருத்துவமனைப் பதிவு இல்லாதவருக்கு நுரையீரல் நோயே இல்லை என்று அதே செய்தி சொல்வது இன்னும் பெரிய பிழை. ஆஸ்துமா உள்ள பலர் குடும்ப மருத்துவரிடமே சிகிச்சை பெறுவதால், உள்நோயாளிப் பதிவுகளில் அவர்கள் தென்படுவதில்லை. மேலும், நோய்களுக்குக் குறியீடு தரும் பன்னாட்டு ஐசிடி-10 வகைப்பாட்டில் சுவாச நோய்கள் ‘ஜே’ பிரிவில் இருக்க, கோவிட்-19 ‘யு07.1’ என்ற குறியீட்டில் உள்ளது. ‘ஜே’ பிரிவை மட்டும் தேடுபவர் அதைத் தவறவிடக்கூடும்.