மாத்திரை போடுகிறவர்கள் தியானத்துக்கு லாயக்கில்லையா?

நேற்று நம் யோகா குழுவில் ஒரு பெண் கேட்ட கேள்வியும் அவருக்குக் கிடைத்த பதிலும் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், மறுபடி கிளறப்போவதில்லை. ஆனால் "தியானம் சரியாகச் செய்திருந்தால் மாத்திரை எதற்கு?" என்று யோகா ஆசிரியர் அவரிடம் கேட்ட தொனியும், அதற்குக் கீழே வரிசையாக விழுந்த கைகூப்பல்களும் இரவெல்லாம் என்னைத் தூங்கவிடவில்லை.

அந்தப் பெண் என்ன கேட்டார்? மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறேன், கூடவே தியானமும் செய்யலாமா என்று. செய்யலாம், மருத்துவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றால் முடிந்தது. கிடைத்ததோ குற்றப்பத்திரிகை.

பதினோரு வருடமாகப் பாய் விரிக்கிறவள் நான். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று நிதானமாக இழுத்துவிட்டால் படபடப்பு தணிவதை நாடியில் விரல் வைத்தே பார்த்திருக்கிறேன். நாள்பட்ட இடுப்புவலிக்கு ஆசனங்கள் ஓரளவு உதவுவதாக ஆய்வுகளும் சொல்கின்றன. உதவி வேறு, மாற்று வேறு. இதைத்தான் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஐந்து வருடத்துக்கு முன் நானும் அந்தப் பெண்ணின் இடத்தில் இருந்தேன். மூச்சைக் கவனி என்றார்கள். அது எப்போது நின்றுபோகுமோ என்று கவனித்தேன். உள்ளங்கை வியர்த்து, சின்முத்திரையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு போகும். சொன்னதற்கு, "பக்குவம் வரவில்லை, நேரத்தைக் கூட்டு" என்று பதில். இருபது நிமிடத்தை நாற்பதாக்கினேன். பக்குவம் வரவில்லை, தூக்கம் போனது. பிறகுதான் மருத்துவரிடம் போனேன். மாத்திரை பிடிக்க ஒன்றரை மாதம் ஆயிற்று. ஒருநாள் காலை தியானம் முடித்து எழுந்திருக்கும்போது பார்க்கிறேன், சேர்த்த விரல்கள் சேர்த்தபடியே இருக்கின்றன. என்னைத் தியானத்தில் உட்காரவைத்ததே அந்த மாத்திரைதான் ஐயா.

"மருந்துக் கம்பெனியிடம் எவ்வளவு வாங்கினாய்?" என்பீர்கள். வாங்கவில்லை, மாதாமாதம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். "பக்கவிளைவு உண்டே?" உண்டு, எனக்கு வாய் உலர்ந்தது, எடை கூடியது. மருத்துவரிடம் சொன்னேன், அளவை மாற்றினார். மனச்சோர்வு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வரக்கூடும் என்று கைகூப்பியவர்களில் ஒருவராவது அந்தப் பெண்ணிடம் சொன்னீர்களா? சிரசாசனத்தில் கண்ணின் உள்ளழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காகிறது, கிளாக்கோமா என்னும் கண்ணழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழாக நிற்கக்கூடாது. அதற்குப் பெயர் மட்டும் பக்கவிளைவு இல்லையோ?

"பாரம்பரியத்தை இழிவுபடுத்துகிறாய்." இதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. யோகத்தின் எட்டு அங்கங்களில் தியானம் ஏழாவது. முதலாவது இயமம், அதாவது பிறரிடம் நடந்துகொள்ளும் ஒழுக்கம்; அதிலும் யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி முதலில் வைத்தது அகிம்சை. நொந்துபோய்க் கேட்ட பெண்ணைச் சபையில் கூசவைத்தது எந்த அங்கத்தில் வருகிறது என்று பெரியவர்கள் விளக்கட்டும்.

என் பக்கத்துப் பாயில் ஆறு வருடம் உட்கார்ந்தவர்கள்கூட அங்கே வாய் திறக்கவில்லை. ஒரு தோழி மட்டும் பின்னால் தனியாக எழுதினாள்: "நீ கொஞ்சம் அமைதியாக இருந்திருக்கலாம்." அமைதியாம்! அந்த ஆறு வருடத்தில் நான் என்னென்ன மாத்திரை சாப்பிட்டேன் என்று அவளுக்குத் தெரியாது. சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நேற்றுப் புரிந்தது.

அந்தப் பெண்ணுக்கு ராத்திரியே எழுதினேன்: "இன்றைய மாத்திரை போட்டுக்கொண்டீர்களா?" படித்துவிட்டதாகக் காட்டுகிறது. இன்னும் பதில் இல்லை.