வேர் விடலனு எப்படி சொல்றீங்க?
ஜப்பான்ல கிறிஸ்தவம் வேர் விடவே இல்லனு கட்டுரைல ஒரே வரில முடிச்சிட்டீங்க, அதான் உறுத்துது. எண்ணிக்கைய மட்டும் பாத்தா சரிதான், நூத்துல ஒருத்தர் ரேஞ்சுலதான் இருப்பாங்க. ஆனா 1614ல நாடு முழுக்க தடை போட்டு, அப்புறம் ஏசு படத்த மிதிச்சு காட்டுனு டெஸ்ட் வச்ச காலத்துல நாகசாகி பக்கம் கிராமத்து ஜனங்க என்ன பண்ணாங்க தெரியுமா, கைல குழந்தையோட இருக்குற வெள்ளை பீங்கான் கன்னோன் சிலைய வீட்ல வச்சுக்கிட்டாங்க, பாக்கறவனுக்கு அது பௌத்த சாமி, இவங்களுக்கு மட்டும் மாதா. பாதிரியாரே கிடையாது, ஞானஸ்நானம் ஊர்க்காரங்களே குடுத்தாங்க, லத்தீன் ஜெபம் வாய்வழியா வந்து வந்து பாதி அர்த்தம் தெரியாத, ஒராஷோனு சொல்ற ஜெபப் பாட்டா ஆயிடுச்சு. 1865ல நாகசாகில இருக்குற ஓவுரா சர்ச்சுக்கு வந்த, பக்கத்து உராகாமி ஊர் பொம்பளைங்க பிரெஞ்சு பாதிரியார்கிட்ட மெதுவா கேட்டது, சாந்தா மரியா சிலை எங்கன்னு. இருநூறு வருஷத்துக்கு மேல கழிச்சு! அதவிட ஆச்சரியம், தடை போனப்புறமும் ஒரு கூட்டம் கத்தோலிக்க சபைக்கு திரும்பல, முப்பாட்டன் கும்பிட்ட மாதிரியே கும்பிடறோம்னு நின்னுட்டாங்க.

அப்புறம் ஜப்பானிய கிறிஸ்தவ சிந்தனையாளர் உச்சிமுரா கான்ஸோ பத்தி ஒரு வார்த்த கூட இல்லயே சார். சாமுராய் வீட்டு பையன், 1891ல பேரரசரோட கல்வி ஆணைக்கு முன்னாடி சரியா குனியலனு வாத்தியார் வேலையே போச்சு. அதுக்காக மிஷனரிங்க சொன்னதையும் அவரு அப்படியே கேக்கல, சர்ச் அமைப்பு, பாதிரியார் எதுவும் வேணாம், கூடி உக்காந்து பைபிள் படிப்போம்னு முக்யோகாய், அதாவது சர்ச் இல்லாத கிறிஸ்தவம்ங்கற இயக்கத்த ஆரம்பிச்சாரு. எனக்கென்னவோ அது பழைய குரு சிஷ்யன் திண்ணைப் பாடம் மாதிரிதான் தெரியுது. ஏசு, ஜப்பான், இந்த ரெண்டும்தான் என் காதல்னு சொன்ன மனுஷன், அவர விட்டுட்டா எப்படி?