படகு வாங்கினால் வீடு விற்ற லாபத்துக்கு வரிவிலக்கு கிடைக்குமா?

சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள வீட்டை விற்றுப் பாய்மரப் படகு வாங்கி, அதிலேயே குடியிருந்தால் மூலதன ஆதாய வரி (விற்ற லாபத்தின் மீதான வரி) கிடையாது என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். அது சரியில்லைங்க. வருமான வரிச் சட்டத்தில் இதற்கான பிரிவு (1961 சட்டத்தில் 54ஆம் பிரிவு), ஆதாயத்தை இன்னொரு குடியிருப்பு வீட்டில் போட்டால்தான் விலக்கு தருகிறது. அந்த வீடு இந்தியாவில்தான் இருக்க வேண்டும் என்று 2014இல் திருத்தமும் வந்துவிட்டது. படகில் அடுப்பு, படுக்கை, கழிப்பறை எல்லாம் இருக்கலாம். அதனால் அது வீடாகிவிடாது. ஏற்காட்டில் சின்னதாக ஒரு வீடு வாங்கினால் விலக்கில் சேரும். வருமான வரித்துறை இணையதளத்தில் அந்தப் பிரிவை எடுத்துப் பாருங்கள், முதல் உட்பிரிவிலேயே இருக்கிறது. பணம் முழுதும் படகுக்குப் போன பிறகு நோட்டீஸ் வந்தால் ரொம்பக் கஷ்டம். கிரயம் எழுதும் முன்பே ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.